வானிலை பலூனில் கேமரா கட்டி கோவைப் பக்கமிருந்து விண்வெளிப் படம் எடுக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். நான் எடுத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு லீவில் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இன்ஜினியரிங் கடைசி வருஷம் என்று நினைக்கிறேன். தயவுசெய்து ஆடியில் விடாதீர்கள்.

காரணம் வெறும் காற்று வேகமல்ல. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டம் வெள்ளகோவிலுக்குத் தெற்கே. நானும் முதலில் அங்கிருந்து ஆனி மாதத்தில்தான் விட நினைத்தேன். "மேகாத்து இந்தப் போடு போடுது, உன்ற பொட்டி கரூர்ப் பக்கந்தான் போயி உளுகும்"னு அப்புச்சி சொன்னார். மேகாத்து என்றால் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய இறங்குமிடக் கணிப்பு நிரலில் போட்டுப் பார்த்தால், கோடு கொஞ்ச தூரம் கிழக்கே போய், அப்படியே திரும்பி மேற்கே சூலூர் பக்கம் வருகிறது. நாலைந்து தடவை தேதி மாற்றிப் போட்டும் அதே கதை. பிறகு படித்துத்தான் புரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் அடிக்கும் காற்று கீழ் அடுக்கில் மட்டும்தான். 14, 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஜெட் காற்று என்ற அதிவேகக் காற்று ஓடுகிறது. 1950-களில் கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் கண்டறிந்தது. சூலூரில் விமானப்படைத் தளம், பீளமேட்டில் விமான நிலையம். அந்தப் பக்கம் ஒரு பெட்டி பாராசூட்டில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் பருவக்காற்று காலம் முடிந்து மார்ச் வரும் வரை காத்திருந்தேன். அந்த மாதங்களில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி, விமானக் கட்டுப்பாட்டு அறையோடு நேரம் பேசுவது, உள்ளூர் காவல் நிலையத்துக்குக் கடிதம் எல்லாம் முடிந்தது. எனக்கு ஐந்து மாதம் ஆனது. "நாங்க பர்மிஷன் இல்லாமத்தான் விட்டோம், ஒண்ணும் ஆகலை" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம், மேலே போன விமானத்தில் இருந்தவர்கள் உங்களிடம் சம்மதம் சொல்லவில்லை.

செலவு எனக்கு 70,000 ரூபாயைத் தாண்டியது. 1,200 கிராம் லேடெக்ஸ் பலூன், ஹீலியம், பாராசூட், பழைய கோப்ரோ கேமரா, லித்தியம் பேட்டரி. ஹீலியம்தான் பெரிய செலவு. மிச்சம் பிடிக்க ஹைட்ரஜனுக்குப் போகாதீர்கள். திருவிழா பலூன் சிலிண்டர் வெடித்த செய்தி நாம் படிக்காததில்லை.

பலூனை நிரப்பியபோது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைய, அது எட்டு மீட்டருக்கு மேல் விரிந்துதான் வெடிக்கும். நொடிக்கு 5 மீட்டர் வீதம் ஏறினால் அந்த உயரத்துக்குப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டி இருக்கும் இடத்தைக் கீழே இருக்கும் எங்களுக்குச் சொல்ல லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ வைத்தேன். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை குறிப்பிட்ட திறனுக்குள் நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. வெளிநாட்டுக்காரர்கள் மாட்டும் சாட்டிலைட் டிராக்கரை இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு.

காலை ஆறே முக்காலுக்கு விட்டோம். 12 கிலோமீட்டரில் ஜிபிஎஸ் நின்றுவிட்டது. ஜிபிஎஸ்ஸில் இருந்த யூப்ளாக்ஸ் சில்லு சாதாரண அமைப்பில் 12 கிலோமீட்டருக்கு மேல் இடம் சொல்லாது, பறக்கும் அமைப்புக்கு மாற்ற வேண்டும். மாற்றித்தான் வைத்திருந்தேன். விடியற்காலையில் பேட்டரியை மாற்றியபோது அது அழிந்து பழையபடி ஆகியிருந்தது. மறுபடி சரிபார்க்கவில்லை. என் தவறுதான். என் மச்சான் வேனில் ஏரியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இருவரும் பேசவே இல்லை. பலூனை விட்டதிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, இறங்கும்போது 11.8 கிலோமீட்டரில் எண்கள் மறுபடி வந்தன. கடைசிச் செய்தி அரவக்குறிச்சிக்கு வடக்கே, தரையிலிருந்து 900 மீட்டரில். பிறகு ஒன்றும் இல்லை. பெட்டியில் போட்டிருந்த, மொபைல் சிக்னலில் இடம் சொல்லும் சிம் டிராக்கரும் பேசவில்லை. இரண்டு நாள் இட்டேரி இட்டேரியாக (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) சுற்றினோம்.

பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. "ஏனுங் தம்பி, உங்க நெம்பர் எழுதுன பொட்டி ஒண்ணு எங்க கொரங்காட்டுல கெடக்குதுங்." கொரங்காடு என்றால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். பெட்டி மேல் தமிழில் "ஆபத்தில்லாத படக் கருவி, தயவுசெய்து அழையுங்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். கிளுவை வேலியில் மாட்டியிருந்ததாம். நைலான் கயிறையும் கிழிந்த ரப்பரையும் ஆடு மென்றுவிடும் என்று அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு உரச்சாக்கில் கட்டி வைத்திருந்தார். தெர்மோகோலை எறும்பு துளைத்திருந்தது. உள்ளே ஈரம் உறிஞ்சப் போட்ட நீலச் சிலிகா ஜெல் முழுக்க வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. மெமரி கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அழுத்தமானி காட்டிய மிகக் குறைந்த அழுத்தம் 14 மில்லிபார், அதாவது ஏறத்தாழ 29 கிலோமீட்டர். வெளிவெப்பம் 17 கிலோமீட்டரில் மைனஸ் 78 டிகிரி வரை போயிருந்தது. படத்தில் காலை வெயிலிலும் மேல்வானம் கறுப்பு. கீழே மெல்லிய நீலப் பட்டை. மேற்கே நீலகிரி ஒரு பக்கம், ஆனைமலை ஒரு பக்கம், நடுவே பாலக்காட்டுக் கணவாய் பிளந்து கிடக்கிறது. அதைத் தாண்டி வெளுப்பாக அரபிக்கடல். பிறந்ததிலிருந்து அந்த வாசலில் வரும் காற்றைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். வாசலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதை விண்வெளி என்று எழுதாதீர்கள். விண்வெளி எல்லை என்று பொதுவாகச் சொல்லும் கார்மன் கோடு 100 கிலோமீட்டர். படத்தில் தெரியும் பூமியின் வளைவு எல்லாம் லென்ஸ் வேலை என்பவர்களுக்கு: ஆமாம், கோப்ரோ லென்ஸ் வளைக்கும். அதனால்தான் அடிவானம் சட்டத்தின் நடுவில் வரும் படங்களை மட்டும் வைத்தேன். நடுக்கோட்டை லென்ஸ் வளைக்காது. 1935-இலேயே எக்ஸ்ப்ளோரர் 2 பலூனில் 22 கிலோமீட்டர் உயரம் போய் இந்த வளைவைப் படம் எடுத்துவிட்டார்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் பம்புசெட்டுக்கு ஸ்டார்ட்டர் போர்டு செய்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியிலும் பிள்ளைகள் பட்டறைக்கு வந்து "அண்ணா, ரெடிமேடா ஒரு புராஜெக்ட் குடுங்க, ரிப்போர்ட்டும் சேர்த்து" என்கிறார்கள். அதற்கென்றே கடைகள் இருக்கின்றன, பணம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் மாற்றித் தருகிறார்கள். கல்லூரிகளுக்கும் தெரியும். சாலிடரிங் அயர்ன் பிடிக்காமலே நாலு வருஷத்தை முடிக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் அப்படி இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

மார்ச்சில் விட வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். ஜிபிஎஸ் அமைப்பைப் பலூனின் வாய் கட்டியபிறகு கடைசியாக ஒருமுறை பாருங்கள்.