தினமும் ஒரு குவார்ட்டர்: கல்லீரல் தாங்குமா?

"என் அண்ணன் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டரோடு நிறுத்திக்கொள்கிறார். தள்ளாடுவதில்லை, வேலைக்கும் ஒழுங்காகப் போகிறார். கல்லீரலுக்கு ஆபத்து உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி பாட்டில், 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். ஆக, ஒரு ராத்திரிக்குச் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அதைச் சிதைக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அப்போது உண்டாகும் அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் அதன் செல்களையே தாக்கும். கொழுப்பும் அங்கேயே படியும். தினமும் இந்த அளவு குடிக்கும் பெரும்பாலோருக்கு இது நடக்கும், வலியே இல்லாமல். அவர் தள்ளாடாததற்குக் காரணம் மூளை பழகிப்போனதுதான். ஈரல் அப்படிப் பழகாது.

என் தாய்மாமாவும் இப்படித்தான், ஒரு நாள் லீவு போடாத மனிதர். கால் வீங்கியபோது "நின்னே வேலை பாக்குறேன்ல, அதான்" என்றார். கண் மஞ்சளானதும் யாரோ சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், கூடவே குவார்ட்டரும். வயிற்றில் நீர் கோத்து மூச்சு முட்டிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை. தழும்பேறிய ஈரலுக்குள் ரத்தம் நுழைய வழியில்லாமல் உணவுக்குழாய் நாளங்கள் புடைத்திருந்தன. அதில் ஒன்று வெடித்து, ரத்த வாந்தியில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

உங்கள் அண்ணனுக்கு இன்னும் நேரம் இருக்கலாம். வெறும் கொழுப்பு படிந்த கட்டம் என்றால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும். இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள். பயமுறுத்துவதைவிட இது வேலை செய்யும் என்று நம்புகிறேன். எல்.எஃப்.டி என்ற ஈரல் ரத்தப் பரிசோதனையை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சிரோசிஸ் வந்தவருக்கும் அது ஏறக்குறைய நார்மலாக வரலாம். வயிற்று ஸ்கேன், பிளேட்லெட் எண்ணிக்கை, முடிந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுக்கும் பழக்கமும் இருந்தால் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம். ஊசியைப் பகிர்வதால் இந்த ஈரல் வைரஸ்கள் எளிதில் பரவும். சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம்; அரசுத் திட்டத்தில் சிகிச்சை இலவசம்.

அப்புறம், வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று விட்டால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் பி1-ம் கொடுத்து நிறுத்தினால் பாதுகாப்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்: 14416, இலவசம்.

"அவருக்கே தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் குடிநிறுத்தப் பொடியை மட்டும் வாங்காதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் மருந்து அதில் கலந்திருந்தால், அதன் மேல் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழலாம். ஏற்கெனவே கெட்ட ஈரலை அந்த மருந்து இன்னும் கெடுக்கவும் கூடும்.