கேளுங்கள், சொல்கிறோம்: பாட்டிலுக்குள் மாறும் ரெட் ஒயின்

கேள்வி: கேபர்னே சாவின்யான், மெர்லோ என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்த ஒயினை வாங்கி மூன்று ஆண்டு கழித்துத் திறந்தேன். முதலில் இருந்த பழ மணம் போய், துவர்ப்புதான் தூக்கலாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடையோ நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையோ அடித்தால் அது பாக்டீரியாவின் கைவரிசை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் கோளாறு. இவை எதுவும் இல்லையென்றால் ஒயின் கெடவில்லை, இரண்டுங்கெட்டான் வயதில் நிற்கிறது.

இளம் பழ மணத்தைத் தரும் எஸ்டர்கள் சில ஆண்டுகளிலேயே சிதைந்து குறைந்துவிடும். மெர்லோவால் வந்த மென்மை தொடக்கத்திலேயே கைகொடுக்கும். தடித்த தோலும் சிறிய பழமும் கொண்ட கேபர்னேயின் டானின், அதாவது துவர்ப்பைத் தரும் பொருள், இளகத்தான் நாளாகும். புகையிலை, தோல், காளான் போன்ற முதிர்ந்த மணங்கள் இன்னும் தாமதமாக வரும். பழம் போய், முதிர்ச்சி வராத இடைவெளியில் நீங்கள் திறந்திருக்கிறீர்கள். டிகேன்டரில் (ஒயினைக் காற்றாட விடும் அகன்ற குடுவையில்) ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுக் குடியுங்கள். வேறு பாட்டில் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கலாம். ஆனால் வாங்கியபோதே பழச்சுவை மெலிந்து, துவர்ப்பு முரடாக இருந்த ஒயின் என்றால் காத்திருப்பது வீண். துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் முழுக்கப் போயிருக்கும்.

கேள்வி: ஊதாவாக இருந்த ஒயின் ஓரத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. அடியில் கசடும் இருக்கிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நிறம் தரும் அந்தோசயனின் டானினோடு பிணைந்து பெரிய மூலக்கூறாகிறது. நிறம் ஊதாவிலிருந்து செம்பழுப்புக்கு நகர்கிறது. மிகப் பெரிதானவை கரைந்து நிற்க முடியாமல் அடியில் படிகின்றன. குடித்தால் தீங்கில்லை, நாக்கில் நறநறக்கும், அவ்வளவுதான்.

நிறத்தை வைத்து வயதைக் கணிக்கும் முன் எந்தக் கலவை என்று பாருங்கள். பிரான்சின் தென் ரோன் பகுதிப் பாணியில் கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்ற திராட்சைகளைச் சேர்த்த ஒயினில் கிரெனாஷ் அதிகமென்றால் ஓரம் சீக்கிரமே வெளுத்துவிடும்; அது எளிதில் ஆக்சிஜனுக்கு மசியும் திராட்சை. மூர்வேத்ர் லேசில் மசியாது. சிரா நிறத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

கேள்வி: 20 வயதான பாட்டிலை எப்படித் திறப்பது?

பதில்: ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். கார்க் நைந்திருக்கும், ஆகவே திருகாணி வேண்டாம்; இரு பக்கமும் தகடு இறங்கும் திறப்பான் நல்லது. கழுத்து உறையை முழுதாக நீக்கி, கீழே டார்ச் ஒளி வைத்து, நிறுத்தி நிறுத்தி ஊற்றாமல் ஒரே சீராகச் சாய்த்து டிகேன்டரில் ஊற்றுங்கள். கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 30 முதல் 50 மி.லி. மிஞ்சும், போகட்டும். உடனே பரிமாறுங்கள், இந்த வயதில் மணம் அரை மணி நேரத்திலேயே பறந்துவிடலாம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் மேல் வைக்கலாமா?

பதில்: கூடாது. சூடும் அதிர்வும் அங்கேதான் அதிகம். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ், இருட்டு, கார்க் நனையும்படி கிடத்தி வைப்பது, இதுதான் சரி. திருகு மூடியென்றால் நிமிர்ந்தே இருக்கலாம்.

கேள்வி: இரண்டு ஒயின்களை நானே கலந்து, மூடி, பல ஆண்டு வைக்கலாமா?

பதில்: கலக்கலாம், வைக்க முடியாது. அறை வெப்பத்தில் ஊற்றிக் கலக்கும்போது லிட்டருக்கு 8 மி.கி. வரை ஆக்சிஜன் கரையக்கூடும். ஒரு மி.கி. ஆக்சிஜனை அடக்கக் கணக்குப்படி, ஒயினைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு 4 மி.கி. வேண்டும். அப்படியானால் லிட்டருக்கு 32 மி.கி. செலவு. பாட்டிலில் வேறு பொருளோடு பிணையாமல் வேலைக்கு உதவும் நிலையில் இருப்பதே பெரும்பாலும் லிட்டருக்கு 30 மி.கி.யை ஒட்டித்தான், காலப்போக்கில் அதுவும் குறையும். அதன்பின் ஒயினைக் காக்க எதுவும் மிஞ்சாது. ஒயின் ஆலையில் ஆக்சிஜன் சேராதபடி தொட்டியில் மந்த வாயு நிரப்பிக் கலந்து, சல்ஃபரைச் சரிசெய்துதான் அடைப்பார்கள். ருசி பார்க்க வேண்டுமானால் அளவுக் குவளையில் 70 மி.லி. கேபர்னே, 30 மி.லி. மெர்லோ என்று தொடங்கி, 5 மி.லி.யாக மாற்றிப் பாருங்கள். அன்றே குடித்துவிடுங்கள்.