ஒட்டி மறைத்த படத்தை முதலில் பிரியுங்கள்

கேள்வி: என் மகன் மலேசியாவில், கிள்ளானில் உள்ள சீன ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். சீன நாட்காட்டியின் 24 பருவங்களில் ஒன்றான சிங்மிங்கைப் பற்றி போஸ்டர் செய்துவரச் சொன்னார்கள். ராத்திரி கண்விழித்து, இணையத்தில் படம் தேடி எடுத்து, 24 பருவங்களின் பெயரையும் வண்ணத்தாளில் வெட்டி ஒட்டி நானே முடித்துக் கொடுத்தேன். ஒரு மூலையில் அவன் தாத்தாவின் கல்லறையைப் புல்லோடு வரைந்து வைத்திருந்தான். பொருத்தமில்லாமல் இருந்ததால் அதன்மேல் ஒரு சீனக் குடும்பத்தின் படத்தை ஒட்டிவிட்டேன். இவ்வளவு செய்தும் வகுப்புச் சுவரில் மாட்டவில்லை. இந்தியப் பிள்ளை என்பதால்தானா? தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்கலாமா?

பதில்: தலைமையாசிரியர் விஷயம் அப்புறம். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது, பள்ளி மாறும், பாடம் மாறும், அம்மா கண்விழித்துச் செய்த போஸ்டர் மட்டும் மாறாது. அதற்காக உங்களைத் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. மூலையில் தாத்தாவின் கல்லறை, அதன்மேல் வேறு படம் ஒட்டினேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பொருத்தமில்லையா? என்னம்மா பேச்சு இது. பகலும் இரவும் சமமாகிற மார்ச் நாளிலிருந்து சூரியன் 15 பாகை நகர்ந்ததும், ஏப்ரல் 5-ஐ ஒட்டிப் பிறக்கிற பருவம் சிங்மிங். மஞ்சள் ஆற்றுப் பக்கம் குளிர் விலகுகிற நேரம், பூசணி நடலாம், அவரை விதைக்கலாம் என்று விவசாயிகள் கணக்கு வைத்திருந்த பருவம். அப்போதுதான் குடும்பம் மொத்தமும் முன்னோர் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, கல்லைத் துடைத்து, மங்கிப்போன எழுத்துக்கு மறுபடி சாயம் பூசி, சாப்பாடும் பழமும் படைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். கிள்ளானில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள், மார்ச் கடைசியிலிருந்தே சீனர் கல்லறைப் பக்கம் கூட்டம் தொடங்கிவிடும். உங்கள் மகன் இது அத்தனையையும் புரிந்துகொண்டு தன் தாத்தாவை வரைந்திருக்கிறான். அந்தத் தாளில் பாடம் புரிந்து செய்த இடம் அது ஒன்றுதான், அதைத்தான் மறைத்தீர்கள்.

அப்புறம் அந்தப் புல். பத்து வயதுப் பையன் கல்லறை வரைந்தால் பூ வரைவான், மாலை வரைவான். இவன் புல்லை வரைந்திருக்கிறான் என்றால் புல்லைத்தான் அங்கே பார்த்திருக்கிறான். நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? தீபாவளிக்கு முன்னால் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைப்பது இந்த நாட்டில் நம் ஆட்களிடம் பல தலைமுறையாக இருக்கிற வழக்கம். போன தீபாவளிக்குப் போனீர்களா, இல்லை முறுக்கு சுடுவதிலும் வீட்டுக்குச் சாயம் அடிப்பதிலும் நாள் ஓடிவிட்டதா? படம் பொருத்தமில்லை என்கிறீர்கள், எனக்கென்னவோ அந்தப் புல்லை ஆசிரியை பார்த்துவிடுவாரே என்று உங்களுக்குக் கூசியிருக்கிறது என்றுதான் படுகிறது. கூசட்டும், நல்லதுதான். பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியதை நேரம் கிடைத்தால் செய்யலாம் என்கிற பேச்சை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போங்கள். புல்லை உங்கள் கணவர் வெட்டட்டும், அவருடைய அப்பா. பையன் கல்லைக் கழுவட்டும். வீட்டுக்கு வந்து, ஒட்டின படத்தைப் பிரியுங்கள். கிழிந்தால் கிழியட்டும், புதுத் தாளில் அவனே மறுபடி வரைவான், கோணலாக வந்தாலும் கை வைக்காதீர்கள். 24 பெயரும் வேண்டாம், அந்தப் பட்டியலை வகுப்பில் எல்லாரும்தான் எழுதியிருப்பார்கள். 2016-இல் யுனெஸ்கோ இந்தப் பருவக் கணக்கை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது, வேண்டுமானால் அதை ஒரு வரி எழுதட்டும். மிச்ச இடத்தில் சீனர்கள் சிங்மிங்கில் என்ன செய்கிறார்கள், நாம் தீபாவளிக்கு முன் என்ன செய்கிறோம் என்று தனக்குத் தெரிந்த மாண்டரினில் எழுதினால் போதும். ஆசிரியையிடம் கொடுக்கும்போது முதல் போஸ்டர் நான் செய்தது, இது அவன் செய்தது என்று நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

சரி, இந்தியப் பிள்ளை என்பதால் ஒதுக்கினார்களா? அப்படி ஒதுக்குகிற இடமும் உண்டு, அப்படி நடந்தால் விடாமல் போய்க் கேளுங்கள் என்று நானே எழுதுவேன். ஆனால் பிள்ளை கைபட்ட ஒரே இடத்தையும் மூடிவிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது கேட்கப் போனால், நாளைக்கு நிஜமாகவே அநியாயம் நடக்கும்போது உங்கள் பேச்சு எடுபடாது. அதனால் தலைமையாசிரியர் அறைக்குப் போகாதீர்கள். முதலில் மகனைக் கூப்பிட்டு, அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது, உன் படத்தை மறைத்தது என் தப்பு என்று சொல்லுங்கள்.