கால் ரத்தக்குழாய் அடைப்பு ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். 14 வருடமாகச் சர்க்கரை. பீடி உண்டு, இப்போது குறைத்திருக்கிறார். வயலுக்குப் போகும்போது மோட்டார் கொட்டகை வரை நடப்பதற்குள் இடது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது என்கிறார். ஊரில் நடந்த முகாமில் ‘ரத்தக்குழாய் அடைப்பு பேக்கேஜ்’ என்று ரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி. 7.8, ஹோமோசிஸ்டின் 26, டி-டைமர் கொஞ்சம் அதிகம், எல்.டி.எல். 128. காலில் அடைப்பு இருக்கிறதா, இல்லையா? இதே டெஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் அடைப்பைப் பற்றி அதிகம் சொல்வது அந்த மோட்டார் கொட்டகைதான். ஏறக்குறைய ஒரே தூரத்தில் பிடிப்பு வருகிறது. உட்காராமல் சும்மா நின்றாலே விட்டுவிடுகிறது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி சுருங்கியிருந்தால் வலி இப்படித்தான் வரும். முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குவதால் வரும் வலி நின்றால் போகாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். சர்க்கரையால் நரம்பு கெட்டு வரும் எரிச்சல் பெரும்பாலும் ராத்திரி படுத்த பிறகுதான் படுத்தி எடுக்கும். ஆகவே அப்பாவுக்கு அடைப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இதைச் சொல்ல எனக்கு அந்த ரிப்போர்ட் தேவைப்படவில்லை.

மாரடைப்பை ரத்தத்தில் கண்டுபிடிக்கிறார்களே, காலுக்கு ஏன் முடியாது என்று தோன்றலாம். நியாயமான கேள்வி. மாரடைப்பில் இதயத் தசை செத்து, அதற்குள் இருந்த ட்ரோபோனின் ரத்தத்தில் கசிகிறது. அது இதயத்துக்கே உரிய பொருள் என்பதால் பார்த்ததும் இடம் தெரிந்துவிடும். கால் தமனி சுருங்குவது வருடக்கணக்கில் மெதுவாக நடப்பது. தசை பட்டினி கிடக்கிறதே தவிரச் சாகவில்லை. கால் தமனிக்கென்று தனியாக ஒரு பொருள் ரத்தத்தில் வந்து சேர்வதும் இல்லை. இதயத்திலும் கழுத்திலும் காலிலும் படிவது ஒரே கொழுப்புதான். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் எவ்வளவு என்று அளந்துவிட்டு எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? கடைமடைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இதற்காக ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2001-ல் அமெரிக்க மருத்துவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. பின்னாளில் யாருக்குக் கால் தமனி அடைக்கிறது என்பதை முன்கூட்டிக் காட்டியதில் மொத்தக் கொழுப்புக்கும் நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லுக்கும் உள்ள விகிதம் முன்னணியில் நின்றது. கொழுப்பு சாராதவற்றில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. முன்னணியில் நின்றது. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் இந்த நோயாளிகளிடம் கூடியிருப்பதைக் கண்டார்கள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அந்தப் புரதத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். நீண்ட நாள் சர்க்கரையில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தாலே அது ஏறிவிடும். காலா சிறுநீரகமா என்று எப்படிப் பிரிப்பது? இன்றைய தேதியில் கால் தமனி அடைப்பை உறுதிசெய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை.

சரி, அப்பாவின் எண்களுக்கு வருவோம். சி.ஆர்.பி. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். நாற்றங்காலில் நின்று விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தாலும், பல் ஈறு வீங்கியிருந்தாலும், போன வாரம் காய்ச்சல் வந்துபோயிருந்தாலும் 7.8 வரும். டி-டைமர் ரத்தம் உறைந்து கரைவதன் தடயம். காலின் சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாயில், ரத்தக்கட்டி இல்லை என்று ஒதுக்கத்தான் அது உதவும். தமனிச் சுருக்கத்துக்கு அல்ல. வயது கூடினாலே அதுவும் கூடும். ஹோமோசிஸ்டின் ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம், 15-ஐத் தாண்டினால் அதிகம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும், பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டின் ஏறும். வைட்டமின் கொடுத்து அதை இறக்கிய பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. இருந்தாலும் பி12 அளவைப் பாருங்கள். அது குறைவதே தனியாகக் காலை மரத்துப்போக வைக்கும்.

அந்தத் தாளில் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய எண் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 128. அதைத்தான் யாரும் வட்டம் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். தமனி அடைப்பு உறுதியானால் அது 70-க்குக் கீழே வர வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 55-க்குக் கீழே என்கிறது.

இனி செய்ய வேண்டிய பரிசோதனை ஏ.பி.ஐ., அதாவது கணுக்கால் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். அப்பாவைச் சில நிமிடம் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். இரண்டு கையிலும் பி.பி. பட்டை கட்டி அளப்பார்கள். பிறகு அதே பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, பாதத்தின் மேலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் கொஞ்சம் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைப்பார்கள். ஓட்டம் இருந்தால் ‘உஸ்… உஸ்’ என்று கேட்கும். பட்டையை ஊதினால் சத்தம் நிற்கும். மெல்லக் காற்றை இறக்கும்போது எந்த எண்ணில் சத்தம் திரும்ப வருகிறதோ அதுதான் கணுக்கால் அழுத்தம். கையில் 140, காலில் 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். 96-ஐ 140-ஆல் வகுத்தால் 0.69. விடை 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. 1.00 முதல் 1.40 வரை சரியான அளவு. ஊசி இல்லை, வலி இல்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் வரலாம். நீண்ட காலச் சர்க்கரையில் கணுக்கால் தமனியில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்காது. அதனால் எண் 1.40-க்கு மேலே போகும், அல்லது அடைப்பை மறைத்துக்கொண்டு நார்மல் மாதிரி வரும். அப்போது கால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி அளக்கச் சொல்லுங்கள். விரல் தமனி அவ்வளவு சீக்கிரம் விறைக்காது. அதைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.70-க்குக் கீழே வந்தால் அடைப்பு. எந்த இடத்தில், எவ்வளவு என்று அறிய டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. பேக்கேஜ் பேக்கேஜாக ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் கேட்டால், செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். இன்று சாயந்திரம் நீங்களே பாருங்கள். உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் மூன்று விரலை மெல்ல வைத்தால் நாடி துடிக்கும். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறதா, முடி உதிர்ந்து தோல் பளபளக்கிறதா, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாடி உங்களுக்கு அகப்படாவிட்டால் பதற வேண்டாம், பழக்கமில்லாத கைக்கு அது சிரமம். டாக்டரிடம் சொன்னால் போதும்.

பீடியைக் குறைத்தது போதாது, முழுக்க விட வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதில் சேர்த்திதான். அப்பா வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. சர்க்கரையே இல்லாத முப்பது, நாற்பது வயது ஆண்களுக்குப் புகையிலையால் விரல் கறுத்துப்போகும் பர்ஜர் நோய் நம் நாட்டில் உண்டு. 1908-ல் லியோ பர்ஜர் விவரித்தது. அதில் சி.ஆர்.பி. உள்ளிட்ட அழற்சி எண்கள் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ரத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பியவர்கள் அங்கே நிச்சயம் ஏமாறுவார்கள்.

அடைப்பு உறுதியானால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, அப்புறம் நடைப்பயிற்சி என்று ஆரம்பிப்பார்கள். பிடிப்பு வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பது. ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். வலிக்கிறதே என்று அப்பாவை உட்கார வைத்துவிடாதீர்கள். சில்லிட்ட காலுக்குச் செங்கல் ஒத்தடமும் வெந்நீரும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோவது தெரியாது. கால் ஆணியை பிளேடால் சீவவும் வேண்டாம். சேற்றில் இறங்காமல் விவசாயம் இல்லைதான். கரையேறியதும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தட்டும்.

ராத்திரி படுத்தால் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால் குறைகிறது என்றாலோ, புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றாலோ, விரல் கறுத்தாலோ அந்த வாரமே போங்கள். திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டு, அசைக்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் காலே போய்விடலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சி.ஆர்.பி., டி-டைமர் வேண்டாம். மூன்று மாதச் சர்க்கரை சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. எடுங்கள். ஸ்டாட்டின் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் எல்.டி.எல். பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினும் அவ்வப்போது தேவை. லிப்போபுரோட்டீன் ஏ என்று ரத்தத்தில் ஒரு கொழுப்புப் புரதம் இருக்கிறது. பரம்பரையாக வருவது, வாழ்நாளில் பெரிதாக மாறாது. ஒரே ஒரு தடவை பார்த்து, டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.