காரைக்குடி வீட்டில் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்: இலை துவள்வது குறித்து

தினமும் தண்ணீர் ஊற்றியும் உங்கள் ஃபலனாப்சிஸின் இலைகள் துவண்டு சுருங்குவதற்குத் தண்ணீர்க் குறைவு காரணமன்று. தொட்டியில் நிரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூள் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்ததால் வேர்கள் அழுகி, நீரை உறிஞ்ச இயலாமல் போயிருக்கும் என்றே கருதுகிறேன்.

செடியை வெளியே எடுத்து வேர்களை மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக, நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளி நிறமாகவும் இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் கையோடு உரிந்துவந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அவற்றைத் தீயில் காட்டிய கத்தரியால் நறுக்கிவிட்டு, கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் இட்ட, பக்கத்துளையுள்ள மண்சட்டிக்கு மாற்றுங்கள்.

முற்றத்து வெயில் வேண்டாம். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரத்தின் காலை வெளிச்சமே போதும். வேர் வெளுத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரைக் காற்றில் கரி விரைவில் உலர்ந்துவிடும் என்பதால் அப்போது நாள்தோறும் பார்க்க வேண்டும்.

சுருங்கிய பழைய இலைகள் முழுமையாக நிமிராமல் போகலாம்; புதுவேர் துளிர்க்கும்வரை உரமிடாதீர்கள்.