வக்காலத்து

கேள்வி: அண்ணாச்சி, வீடில்லாதவர்களுக்காகப் பாடுபடுகிறோம் என்று ஒரு அமைப்பிலிருந்து நன்கொடை கேட்டு வந்தார்கள். சோறு போடுகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். ராத்திரியில் போய்த் தெருவில் படுத்திருப்பவர்களை எண்ணுகிறார்களாம், மனு எழுதுகிறார்களாம், கோர்ட்டுக்குப் போகிறார்களாம். நான் மாதாமாதம் அமாவாசைக்கு நெல்லை ஜங்ஷனில் ஐம்பது பொட்டலம் கொடுக்கிறவன். பசித்தவனுக்குச் சோறு போடாமல் அவனுக்காக வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், பெருமாள்புரம்

பதில்: அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். வக்காலத்து வாங்குவதை ஏன் இவ்வளவு மட்டமாக நினைக்கிறீர்கள்?

நம் ஊர்ப் பேச்சில் அது வசவு மாதிரிதான். "அவனுக்கு நீரு என்ன வே வக்காலத்து?" என்று ஒருவர் கேட்டால் அடுத்தது சண்டைதான். ஆனால் பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போய், எனக்காக நீங்கள் வாதாடுங்கள் என்று வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கிற வக்காலத்துக் காகிதத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர், தாலுகா. அதற்குக் கீழேதான் கட்சிக்காரர் கையெழுத்து. கதவே இல்லாதவர் கதவு எண்ணுக்கு எங்கே போவார்? கோர்ட் படி ஏறவும் ரேஷன் அரிசி வாங்கவும் ஓட்டுப் போடவும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அது இல்லாதவருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் போடுவது அந்தக் கையெழுத்து.

பொட்டலத்தை நான் குறை சொல்லவில்லை. பசிக்கிற நேரத்தில் அதுதான் தெய்வம். நீங்கள் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் ஜங்ஷனில் உங்கள் பொட்டலத்தை வாங்குகிறவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும், அவரைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாற்பது வருஷம் ஒரு தவசுப்பிள்ளைக்கு, அதாவது கல்யாணச் சமையல்காரருக்கு, கையாளாக இருந்தவர். சுத்துப்பட்டியில் பாதிக் கல்யாணத்துக்குப் பந்தி பார்த்தவர். சொதிக்கு மூன்றாம் தேங்காய்ப்பாலில் காயை வேகவிட்டு, இரண்டாம் பாலில் பருப்பைச் சேர்த்து, இறக்குகிற நேரத்தில்தான் முதல் பாலை விட வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று இன்றைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவார். சம்சாரம் போய்ச் சேர்ந்தாள், டவுனில் குடியிருந்த வாடகை வீடு போயிற்று, இப்போது மூடிய கடை வாசலில் படுக்கிறார். போன தை அமாவாசைக்கு மறுநாள் அவரைப் பார்த்தேன். "ஒம்பது பொட்டலம் வந்துது எய்யா. நான் ரெண்டு திம்பேன். மிச்சம் விடியமுன்ன ஊசிப்போவும். குப்பையில போட மனசு வரமாட்டேங்கு" என்றார். சமையல்காரர் இல்லையா, அவருக்குச் சோறு வீணாவது தாங்கவில்லை. அமாவாசைக்கு ஒன்பது, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்றுமில்லை.

சரி, உமக்கு என்னதான் வேணும் என்று கேட்டேன். "பூட்டுச் சாவியோட ஒரு பொட்டி" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகி ஜங்ஷன் மூழ்கியதே, அந்தத் தண்ணீரில் அவருடைய கட்டைப்பை போய்விட்டது. பைக்குள் ஒரு பாலிதீன் உறை, உறைக்குள் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம். வெள்ளத்தில் நம்மில் பலருக்கும் சாமான் போனது. நமக்கு வீட்டு முகவரி மிச்சம் இருந்தது, அதைச் சொல்லி மறு நகல் வாங்கினோம். அவருக்கு அதுவும் இல்லை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு எழுதிப் போட ஆதார் வேண்டும். ஆதாரைத் தேட விரல் வைக்க வேண்டும். வைத்தார். ரேகை விழவில்லை. நாற்பது வருஷம் அண்டா இறக்கி, சுடுகரண்டி பிடித்துத் தேய்ந்த விரல். ஈரத்துணியில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து வைத்தார், அப்போதும் விழவில்லை. கூடப் போயிருந்தவன் நான். அந்த அலுவலகத்தில் இருந்தவர் நாலாவது தடவை "அடுத்த ஆள்" என்றார். அன்றைக்கு அவருக்காகப் பேச அங்கே என்னைத் தவிர யாரும் கிடையாது. எனக்கோ விதி தெரியாது. ரேகை விழாவிட்டால் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று அங்கே வாதாட எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சொல்லிக்கொடுத்ததே இந்த மாதிரி வேலை செய்கிற ஒரு பெண்தான்.

உங்கள் கேள்வியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சோறு ஒரு பக்கம், கேஸ் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டீர்கள். நடந்தது அப்படி இல்லை. 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. அரசாங்கக் கிடங்கில் தானியம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, வெளியே சனங்கள் பட்டினி. பி.யூ.சி.எல். எனப்படும் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. அந்த வருஷம் நவம்பரில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. நமக்குச் சத்துணவு அதற்கு முன்பே உண்டு. வடக்கே பல மாநிலங்களில் அதற்குப் பிறகுதான் அடுப்பே எரிந்தது. மாதம் ஐம்பது பொட்டலம் கொடுக்கிறீர்கள். அந்த ஒரு மனு எத்தனை கோடிச் சாப்பாடு போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வழக்குதான் கூரையும் கேட்டது. 2009 டிசம்பர் குளிரில் தில்லி பூசா சாலை ரவுண்டானாவில் வீடில்லாதவர்கள் தங்கியிருந்த கூடாரத்தை மாநகராட்சி பிரித்துப் போட்டது. குளிரில் சாவு விழுந்தது. வழக்கில் நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர் என்.சி. சக்சேனா நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார். 2010-ல் உத்தரவு வந்தது: பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். 2013-ல் மத்திய அரசு அதைத் திட்டமாகவே கொண்டுவந்தது. நகரத்தில் லட்சம் பேர் இருந்தால் நூறு பேருக்கு இடம். ஆளுக்கு 50 சதுர அடி. ஒரு கட்டில் போட்டு, பக்கத்தில் பூட்டுச் சாவியோடு ஒரு பெட்டி வைக்கலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நெல்லை மாநகராட்சியில் 4 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல். அப்படியானால் நானூறு பேருக்கு மேல் படுக்க இடம் இருக்க வேண்டும். எங்கெங்கே இருக்கிறது, எத்தனை கட்டில், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி நீங்களே கேளுங்கள். பதிலை எனக்கும் அனுப்புங்கள், முழுசாகப் போடுகிறேன்.

பத்திரிகைக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1981 மழைக்காலத்தில் பம்பாய் நடைபாதையில் இருந்தவர்களைக் குடிசையோடு பெயர்த்து வெளியேற்றப் புறப்பட்டார்கள். அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளர். உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. நடைபாதையைக் காலி செய்யவே கூடாது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. மழை முடியட்டும் என்று தவணை கொடுத்தது. அதில் எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு வந்த பல வழக்குகள் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நின்றன.

அப்புறம், எண்ணுவது. அதைக் கேட்டுத்தான் உங்களுக்கு அதிகம் எரிச்சல் வந்திருக்கிறது. 2011 பிப்ரவரி 28 ராத்திரி, அந்த ஒரே ராத்திரி, நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணினார்கள். 17 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். அன்றைக்கு ராத்திரி ரயிலடியை விட்டு எங்கேயோ நகர்ந்து படுத்தவர் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவருக்குக் கட்டில் கிடையாது. லட்சத்துக்கு நூறு என்ற விதி கூட ஒரு எண்ணிக்கைதான், யாரோ எண்ணிச் சொன்னதால் வந்தது. தில்லியில் ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற அமைப்பு 2000-லேயே இரவில் தெருத்தெருவாகப் போய் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் எண்ணிக் காட்டியது. ராத்திரி ஒரு மணிக்குத் தூங்குகிறவர்கள் பக்கத்தில் குனிந்து, எழுப்பாமல், பெண்ணா ஆணா பிள்ளையா என்று குறித்துக்கொண்டு நடப்பது சும்மா வேலை இல்லை. இங்கே அப்படி எண்ணுகிறவர்களோடு நானும் ஒரு ராத்திரி நடந்திருக்கிறேன். வண்ணார்பேட்டை மேம்பாலம் தாண்டுவதற்குள் என் முட்டி பேசிவிட்டது. சுவரோரம் ஒண்டியிருந்த பெண்களை நான் பார்க்கவே இல்லை. கூட வந்த பெண்தான் காட்டினாள். வெளிச்சம் இருக்கிற இடத்தில் படுத்தால் ஒரு பயம், இல்லாத இடத்தில் படுத்தால் இன்னொரு பயம்.

இந்த இடத்தில் பழைய சண்டை ஒன்றைத் திரும்பவும் எடுக்கிறேன். பேருந்து நிலைய இருக்கைகளில் படுக்க முடியாதபடி நடுவே இரும்புக் கை வைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். "நல்ல காரியம், கண்டவனெல்லாம் படுக்கிறான்" என்று ஒருவர் பதில் எழுதினார். அவருக்கு அப்போது சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். தாமிரபரணிப் படித்துறைகளில் கல்மண்டபம் கட்டினவர்கள் அதில் யார் படுப்பார் என்று கேட்டுக் கட்டவில்லை. தலைச்சுமைக்காரன் யாரென்று தெரியாமலேதான் பாதையில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நம் பக்கத்தில் சத்திரம் என்று தொடங்கும் ஊர்ப்பெயரே உண்டு, சத்திரம் புதுக்குளம். வழிப்போக்கன் படுக்கத் திண்ணை வைத்து வீடு கட்டின ஊர் இது. அந்தத் திண்ணைக்கு நாம் கம்பிக்கதவு போட்டோம், மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டோம், கடைசியில் பெஞ்சுக்கும் இரும்புக் கை வைத்துவிட்டோம். படுக்க இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு, கண்டவன் என்கிறோம். எனக்கு அந்த வார்த்தை ஆகாது.

காப்பகமும் முடிவு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பின்லாந்தில் 2008-லிருந்து முதலில் வீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். குடியை விட்டாயா, வேலை தேடினாயா என்ற பேச்சு வீட்டுக்குள் போன பிறகுதான். ஒய்-சாட்டியோ என்ற அறக்கட்டளை 1985-லிருந்து அங்கே வீடு வாங்கி வாங்கி வாடகைக்கு விடுகிறது. அவர்கள் பணக்காரர்கள் என்பீர்கள். சென்னையில் தி பேன்யன் இருக்கிறதே. தெருவில் மனநலம் குன்றி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக மனமில்லாமல் இரண்டு இளம்பெண்கள் 1993-ல் தொடங்கியது. இப்போது அவர்கள் குணமான பெண்களை நாலைந்து பேராக ஒரு சாதாரண வாடகை வீட்டில், சாதாரணத் தெருவில், அக்கம்பக்கத்தோடு குடிவைக்கிறார்கள். அந்தத் தெருவில் வீடு கேட்டு அலைந்து வாங்குவதும் வக்காலத்துதான்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் நல்லவர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். தெருவில் இருந்து மீண்ட ஒருவராவது அவர்கள் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாரா என்று கேளுங்கள். படுத்திருப்பவர் முகத்தைப் படம் பிடித்து நோட்டீஸ் அடித்திருந்தால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மற்றபடி, ஐம்பது பொட்டலத்தில் முப்பதைக் குறைத்து அந்தக் காசைக் கொடுங்கள். மிச்ச இருபதை அமாவாசைக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள்.

தவசுப்பிள்ளைக் கையாளுக்கு ஆதார் வந்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்த்ததில் பழைய எண்ணே கிடைத்தது. மாமன்ற உறுப்பினர் ஒருவர் சான்று கொடுத்தார். முகவரி, இந்தப் பத்திரிகை அலுவலகத்தின் கதவு எண். கார்டும் இங்கேதான் இருக்கிறது, என் மேஜையில் இரண்டாவது இழுப்பறையில், சாவி போட்டு. உதவித்தொகை மனுவுக்குப் பதில் வந்ததா என்று வியாழக்கிழமைதோறும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். இதுவரை வரவில்லை.