கல்லில் எழுதிய ஒப்பந்தம்

அன்புள்ள ஐயா,

சூப்பர்மேனின் பிறந்த பெயர் கால்-எல், அது யூதர்களின் மொழியான ஹீப்ரு. பைபிளில் கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட மோசஸ்தான் விண்கலத்தில் வந்த குழந்தை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அமெரிக்க காமிக்ஸ் முழுக்க யூதர்கள் ஒளித்துவைத்த மதக்கதைதானா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

'எல்' என்றால் ஹீப்ருவில் கடவுள், உண்மைதான். ஆனால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் போய்ச் சேரமாட்டோம். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து யூதப் பையன்கள். 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். வேதத்தை ஒளித்துவைப்பவர்கள் செய்கிற வியாபாரமா அது? பெரிய விளம்பர நிறுவனங்கள் யூதர்களை எளிதில் உள்ளே விடாத காலம். காமிக்ஸ் மதிப்பில்லாத தொழில். அங்கே யாரும் குலம் கோத்திரம் விசாரிக்கவில்லை.

எதையாவது ஒளித்தார்கள் என்றால் தங்கள் யூதப் பெயரைச் சொல்லலாம். காமிக்ஸ் ஓவியர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க், ஜாக் கிர்பி ஆனார். காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான்லி லீபர், ஸ்டான் லீ ஆனார். நாமெல்லாம் பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த வேதாளரையும் மாண்ட்ரேக்கையும் படைத்த லீ ஃபாக், பிறக்கும்போது லியோன் கிராஸ். ஆனால் இதே கிர்பியும் ஜோ சைமனும் கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லர் தாடையில் ஒரு குத்து விட்டார்கள். கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது.

நீங்கள் தேடிப் படிக்க வேண்டியவர் இன்னொரு யூதக் காமிக்ஸ் படைப்பாளி, வில் ஐஸ்னர். 1978-ல் வந்த அவரது சித்திரக்கதை நூல் 'கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்'. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை யூதர்களின் அடுக்குக் குடியிருப்பு, விடாத மழை. வளர்ப்பு மகளை அடக்கம் செய்துவிட்டு ஃபிரிம்மே ஹெர்ஷ் தனியாக நனைந்து வருகிறார். தலைப்பு, ஹீப்ரு சாயல் எழுத்தில், ஒரு பெரிய கற்பலகையாக அவர் மேல் கவிந்து நிற்கிறது. கூன் விழுந்த முதுகு அதைச் சுமப்பது போலிருக்கும். சிறுவயதில் ரஷ்யாவில், நல்லவனாக வாழ்வேன் என்று கடவுளோடு ஒப்பந்தம் போட்டு ஒரு சிறு கல்லில் எழுதிவைத்தவர் அவர். அன்றிரவு அந்தக் கல்லின் மேல் துப்பி, ஜன்னல் வழியே வீசி எறிகிறார். திட்டுவதுபோல் கடவுளைப் போற்றும் நம்மூர் நிந்தாஸ்துதி இல்லை இது. கையெழுத்துப் போட்ட ஆளிடம் கேட்கிற நியாயம். பிறகு அவர் ஈவிரக்கமில்லாத வீட்டுச் சொந்தக்காரராக மாறுவதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ஒளித்துவைத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். ஐஸ்னரின் மகள் ஆலிஸ் 1970-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள், பதினாறு வயதில். ஹெர்ஷின் சண்டை தன்னுடைய சண்டைதான் என்பதை அவர் வெகுகாலம் வெளியே சொல்லவில்லை.